முகம் வேண்டாம், கை போதும்

என் கணவர் சுதாகரனைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் நல்லதாகவே சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள். பந்தல் கட்ட வேண்டுமா, வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிக்குக் கயிறு இழுக்க வேண்டுமா, கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்க வேண்டுமா, "சுதாகரனைக் கூப்பிடு" என்பதுதான் முதல் பேச்சு. ஒட்டுசுட்டானிலிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே போனால் வருகிற குடியேற்றம் எங்களுடையது. குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் என் மாமனாரின் குடும்பமும் ஒன்று. இவர் இங்கேயே பிறந்து, இங்கிருந்து இடம்பெயர்ந்து, திரும்பவும் இங்கேயே வந்து வயல் செய்கிறவர்.

பேச்சு மிகக் குறைவு. கை மட்டும் சும்மா இராது. ரீவி பார்க்கும்போதுகூட ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருப்பார். கல்யாணம் கட்டி இருபத்தொரு வருஷத்தில் "நீ வடிவாயிருக்கிறாய்" என்று ஒரு நாள் சொன்னதில்லை. ஆனால் நான் சைக்கிளில் ஏறப் போனால் கிழிந்த சீற்றுக்குப் புதுத் துணி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டும். அவர் போட்ட முடிச்சை வேறு யாராலும் அவிழ்க்க முடியாது.

இந்த மனிதர்தான் தயாபரனின் காலை முறித்த கட்டுத்துவக்கைக் கட்டியவர். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும் என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கட்டுத்துவக்கு என்றால் பன்றிக்காகக் காட்டோரத்தில் கட்டி வைக்கிற துப்பாக்கி. ஒரு குழாய், இரண்டு கம்பு, பாதைக்குக் குறுக்கே ஒரு நூல். நூலில் எது தட்டினாலும் வெடிக்கும். சட்டப்படி அது குற்றம். மறியலில் கம்பி எண்ண வேண்டி வரும். ஆனால் மூன்று மாதம் பாடுபட்ட கச்சான் கடலையை ஒரே இரவில் பன்றி கிளறிப்போட்டுப் போனால், வயிறு எரிகிறவன் சட்டம் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. கட்டுகிறவன் பாதையின் இரண்டு பக்கமும் இலையோடு கூடிய பச்சைக் குழை முறித்து நெஞ்சு உயரத்தில் தொங்கவிட வேண்டும். பன்றிக்கு அது விளங்காது, மனிதனுக்கு விளங்கும். குழையைக் கண்டால் மனிதன் திரும்பிப் போய்விடுவான். குழை கட்டாமல் துவக்குக் கட்டினவனை யாரும் வேட்டைக்காரன் என்று சொல்வதில்லை. கொலைகாரன் என்றுதான் சொல்வார்கள்.

அன்று இவர் குழை கட்டவில்லை.

அது மார்கழி மழைக்காலம். பொழுது படும் நேரத்தில், எங்கள் கச்சான் தோட்டத்துக்குப் பின்னால் போகிற மாட்டுப் பாதையில் இவர் கட்டிவிட்டு வந்தார். விடியும்போது தயாபரன், காணாமல் போன தன் பசுவைத் தேடி அந்தப் பாதையால் வந்தான். வெடிச் சத்தம் கேட்டு இவர் ஓடினார். முதலில் போய்ச் சேர்ந்தவரும், அவனை உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனவரும் இவர்தான். உயிர் தப்பியது. கால் தப்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வெட்டி எடுக்கவில்லையே தவிர, முழங்காலுக்குக் கீழே கட்டையாகி விறைத்துப் போனது. பொலிஸ் வந்து துவக்கைக் கழற்றிக்கொண்டு போனது. "யாருடையது?" என்று கேட்டார்கள். தெரியாது என்று ஊரே ஒன்றாகத் தலையை ஆட்டியது.

தயாபரன், ராக்காயி அம்மாவின் ஒரே மகன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து காட்டோரம் குடியிருந்த சனம் அவர்கள். இரண்டு நெல் மூட்டையை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வரம்பில் ஓடியவன் தயாபரன். இப்போது சந்தியில் தகரக் கொட்டில் போட்டு சைக்கிள் திருத்துகிறான். எங்கள் ஆட்களின் பிள்ளைக்கு இது நடந்திருந்தால் ஊர் இரண்டு பட்டிருக்கும். ராக்காயியின் பிள்ளைக்கு நடந்ததால் "விதி" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வயலுக்குப் போனார்கள். அந்த எல்லோரிலும் நானும் அடக்கம்.

அதற்குப் பிறகு இவர் துவக்கைத் தொட்டதில்லை. பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. கோயிலில் வெடி கொளுத்தினால் எழுந்து போய்விடுவார். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை நெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு போய் ராக்காயி அம்மாவின் வாசலில் இறக்கிவிட்டு வருவார். "நீங்க மகராசனா இருக்கணும் தம்பி" என்று அந்த மனுஷி கையெடுத்துக் கும்பிடும். சுதாகரனைப் போல ஒரு மனிதன் கிடைப்பானா என்று ஊர் பேசும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலாவது ஒரு நாளில் தெரிந்துவிடும். இது எட்டு வருஷமாக மறைந்து கிடந்ததுமல்லாமல் புண்ணியமாகவும் மாறிப்போனது.

இந்த வருஷம் எங்கள் மகள் யதுர்ஷிகா படம் எடுக்கப் போகிறேன் என்று தொடங்கினாள்.

அவள் உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை படிக்கிறாள். மாணவர்களுக்கான குறும்படப் போட்டி ஒன்று வந்தது. த்ரில்லர் எடுப்பதென்று அவளும் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரும் முடிவு செய்தார்கள். கமரா விதுசனுடையது, பிரான்சிலிருந்து மாமன் அனுப்பியது. அந்தக் கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவன் நடக்கிற நடையைப் பார்த்தால், மாமனே கழுத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டு நிலத்தில் கடதாசிகளைப் பரப்பி வைத்துப் பெட்டி பெட்டியாகக் கீறினார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு படம். நான் தேத்தண்ணி கொண்டு போனபோது யது எனக்கு விளக்கினாள்.

"அம்மா, முதல் ஒண்டரை நிமிசம் தான் உயிர். அதுக்குள்ள பாக்கிற ஆளைக் கதிரையில கட்டிப் போட வேணும். இஞ்ச பாருங்கோ. முதலாவது பெட்டியில ரெண்டு கை. ரெண்டாவதில நூல். மூண்டாவதில ஒரு கால் நொண்டி நொண்டி வருது. நாலாவதில துவக்கின்ர வாய். பிறகு திரை இருட்டு, வெடிச் சத்தம் மட்டும்."

"இது என்ன கதை பிள்ளை?"

"எங்கட தயாபரன் அண்ணையின்ர கதை தான். கொஞ்சம் மாத்தியிருக்கிறம். கட்டினது ஆர் எண்டு கடைசி மட்டும் காட்டமாட்டம்."

"கடைசியில ஆர்?"

"ஊரில நல்ல பேர் எடுத்த ஒராள். எல்லாருக்கும் உதவி செய்யிறவர். ஒருத்தரும் நினைச்சுப் பாக்கமாட்டினம். அப்பதான் அம்மா படம் எடுபடும்."

விதுசனுக்கு என்று கொண்டு போன தேத்தண்ணியை நானே குடித்துவிட்டேன். அவன் வெறும் கையை நீட்டியபடி இருந்தான்.

பின்னேரம் இவர் வயலால் வந்து கால் கழுவும்போதே அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, உங்கட கை வேணும். முகம் வேண்டாம், கை போதும். துவக்குக் கட்டிற மாதிரி."

"எனக்குக் கட்டத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாத முடிச்சும் இருக்கோ? பொய் சொல்லாதேங்கோ. ஊரில ஒருத்தரும் வரமாட்டினமாம். தெரியும் எண்டு காட்டினா பொலிஸ் வந்திடும் எண்டு பயப்பிடுகினம். நீங்கள் தானே ஒரு நாளும் கட்டாத ஆள். உங்களுக்கு என்ன பயம்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன். மகள் கேட்டதை இவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. அன்றைக்கும் சொல்லவில்லை.

கிணற்றடியில் வைத்துப் பிறகு கேட்டேன். "ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"மாட்டன் எண்டா ஏன் எண்டு கேப்பாள். கை மட்டும் தானே."

"அண்டைக்கும் கை மட்டும் தான் கட்டினது."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. இவர் வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். கயிறு முழுவதும் போனபின்னும் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

அந்தக் கிழமையே தயாபரன் வீட்டுக்கு வரத் தொடங்கினான். மூன்றாவது பெட்டியில் வருகிற கால் அவனுடையதாம். யதுதான் போய்க் கேட்டாள். அவன் மறுப்பான் என்று நான் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்தேன். அவனோ, "என்ர காலை நான் நடத்தாமல் வேற ஆர் தங்கச்சி நடத்திறது?" என்று சிரித்தானாம்.

எட்டு வருஷத்தில் அவன் அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் வாய் திறந்ததில்லை. இப்போது விறைத்த காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். நூல் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தன் காலிலேயே விரல் வைத்துக் காட்டினான். துவக்கு எந்தப் பக்கத்து மரத்தோடு இருந்தது, வெளிச்சம் எவ்வளவு வந்திருந்தது, எல்லாம் சொன்னான். இவர் வாசலில் குந்தியிருந்து மண்வெட்டிப் பிடியைச் சீவினார். சீவச் சீவப் பிடி மெலிந்துகொண்டே போனது.

"குழை இருந்ததோ அண்ணை?" என்று யது கேட்டாள்.

"இல்லை. நான் காட்டோரத்தில வளந்தவன் தங்கச்சி. குழை பாக்காமல் கால் வைக்கமாட்டன். அண்டைக்கு ரெண்டு பக்கமும் பாத்தனான். ஒண்டும் இல்லை."

"எப்பிடிப்பட்ட மிருகமா இருப்பான் கட்டினவன்!" என்றாள் என் மகள்.

தயாபரன் கொப்பியை விரலால் தட்டினான். "நூல் கறுப்பு இல்லை. எழுதிக்கொள்ளுங்கோ. பச்சை. மீன்வலை பின்னிற நூல்" என்றான்.

அந்தப் பச்சை நூல் எங்கள் பயற்றங்காய்ப் பந்தலில் அப்போதும் கட்டியிருந்தது. அவன் வேலிப் படலையைத் தாண்டியதும் நான் கத்தியோடு போய் எல்லாவற்றையும் அறுத்து அடுப்புக்குள் போட்டேன். அடுத்த நாள் யது பந்தலடியில் நின்று கத்தினாள்.

"அம்மா, இதில கட்டியிருந்த பச்சை நூல் எங்க? எங்களுக்கு அது தான் வேணும்."

"எலி வெட்டிப்போட்டுது."

"எலி பந்தல் முழுக்கவோ வெட்டினது? ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல்?"

"இந்த ஊர் எலிக்கு என்ன குறை!" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறிப் போய்ப் புது நூல் வாங்கி வந்தாள். அதே பச்சை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்தது ஒரு பக்கம் இருக்க, தயாபரனின் அமைதிதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. அவன் கோபப்பட்டால் விளங்கும். அழுதாலும் விளங்கும். ஆனால் அவன் ஒவ்வொரு நாளும் போகும்போது படலையில் நின்று இவரிடம் ஒரே கேள்வியைக் கேட்பான். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவீங்கள் தானே?" இவர் தலையை ஆட்டுவார். அவன் பிறகும் கொஞ்ச நேரம் நின்று இவரின் கையைப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

ஞாயிற்றுக்கிழமை விடியக் காலையில் போனோம். இடம் வேறு எதுவுமில்லை, அதே மாட்டுப் பாதைதான். யதுவுக்கு உண்மையான இடம்தான் வேண்டுமாம். தயாபரனே முன்னால் நடந்து போய்க் காட்டினான். இரண்டு வீரை மரங்களுக்கு நடுவே பாதை ஒடுங்கி வளைகிறது. அன்று சிதறிய ஈயத்தில் ஒன்று பட்ட தழும்பு ஒரு மரத்தில் கையளவு இருந்தது. துவக்குக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய் ஒன்றுக்குக் கரி பூசிக் கொண்டு வந்திருந்தார்கள். வெடிக்கவே வெடிக்காத குழாய்தான். ஆனாலும் அதை அந்த மரத்தோடு வைத்தபோது நான் இரண்டு அடி பின்னால் போனேன். பறவைச் சத்தம்கூட இல்லை. யானை வேலிக்கு அப்பால் எங்கேயோ கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தயாபரன் மட்டும் பார்க்கவில்லை.

அவன் பாதையின் வளைவுக்கு அப்பால் போய்த் தயாராக நின்றான். நான் தேத்தண்ணிப் போத்தலோடு பற்றைக்குப் பக்கத்தில் நின்றேன். விதுசன் கமராவை இவரின் கைக்குக் கிட்டக் கொண்டு வந்தான். "அக்சன்" என்றாள் என் மகள். வீட்டில் சுடுதண்ணி கேட்கிற பிள்ளையின் குரல் இல்லை அது.

இவர் கட்டத் தொடங்கினார். அப்படி ஒரு மோசமான கட்டை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. நூல் நழுவியது. முடிச்சு வழுக்கியது. குழாய் சரிந்து விழுந்தது.

"கட். அப்பா, என்ன இது? திருப்பி."

திருப்பிக் கட்டினார். அதைவிட மோசம். மூன்றாம் தரம் நூல் பாதையில் சேலைக் கொடிபோலத் தொய்ந்து கிடந்தது.

"அங்கிள், இதில பூனையும் தடக்குப்படாது" என்றான் விதுசன்.

பந்தல் கட்டுகிற சுதாகரனுக்கு முடிச்சுப் போட வரவில்லை என்றால் எந்தக் குழந்தை நம்பும்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அவர் தலையில் ஒன்று போடலாம் போல இருந்தது. வெயில் ஏறத் தொடங்கியது. விடியல் வெளிச்சம் போனால் இன்னொரு நாள் வர வேண்டும். போட்டிக்கு அனுப்ப நாள் இல்லை. ஏழாம் தரமும் பிழைத்தபோது யதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏனப்பா இப்பிடிச் செய்யிறீங்கள்? வேணுமெண்டு தானே செய்யிறீங்கள்?"

வளைவுக்கு அப்பாலிருந்து தயாபரன் நொண்டிக்கொண்டு வந்தான். இவருக்குப் பக்கத்தில் நின்றான்.

"அண்ணை, வடிவாக் கட்டுங்கோ. பிள்ளை பாவம்."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

இவர் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கட்டினார். குழாய் மரத்தோடு ஒட்டியது. நூல் மண்ணிலிருந்து அளந்து வைத்த உயரத்தில் பாதையைக் கடந்து, மறுபக்கத்து வேரில் சுற்றி, இழுபட்டு நின்றது. விரல்கள் ஒரு தரமும் தயங்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விடுவதற்குள் இவர் எழுந்தார். எட்டி வீரைக் கொப்பை வளைத்தார். குழையை முறித்து, பாதைக்கு மேலே நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டு, அடுத்ததை முறிக்க மறுபக்கம் திரும்பினார்.

"கட்! அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"குழை."

"குழை எதுக்கு? குழை தொங்கினா அவர் கண்டிடுவார். கண்டா திரும்பிப் போயிடுவார். பிறகு கதையே இல்லை. எடுங்கோ அதை."

"எடுக்கமாட்டன்."

"அப்பா, இது சும்மா குழாய்."

"எதுவா இருந்தாலும் எடுக்கமாட்டன். குழை இல்லாமல் அவனை இந்தப் பாதையால நடக்க விடமாட்டன்."

யது வந்து குழையில் கை வைத்தாள். இவர் அவள் கையைப் பிடித்தார். மகளை அதட்டியும் பேசாத மனிதர், அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்டைக்குக் கட்டேல்லை பிள்ளை" என்றார். "அண்டைக்கு நான் கட்டேல்லை. துவக்கு என்ர. கட்டினது நான். குழை மட்டும் கட்டேல்லை."

கமராவில் சிவப்பு வெளிச்சம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யது கையை இழுத்துக்கொண்டாள். இவர் பிடித்த இடம் சிவந்திருந்தது.

விதுசன் கமராவை நிறுத்தப் போனான். "நிப்பாட்டாதை தம்பி" என்றான் தயாபரன். அவன் எப்போது வந்து நின்றான் என்று நான் காணவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணை. முதல் நாளே தெரியும். வெடிச் சத்தத்துக்கு ஓடி வாற ஆள் கத்தியும் சாக்கும் கொண்டு வருமோ? நீங்கள் பன்றியைப் போட்டுக் கட்ட வந்தனீங்கள். அந்தச் சாக்கைக் கிழிச்சுத்தான் என்ர காலைக் கட்டினீங்கள். நான் மயங்கின மாதிரிக் கிடந்து உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"பிறகு ஏன்டா சொல்லேல்லை?" என்று இவர் கேட்டார்.

"ஆரிட்டச் சொல்லிறது? சொன்னா இந்த ஊர் ராக்காயியின்ர மகனையோ நம்பும், சுதாகரனையோ நம்பும்? நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தன். ஒவ்வொரு நெல்லு வெட்டுக்கும் மூட்டையோட வருவீங்கள். இண்டைக்குச் சொல்லுவார், இண்டைக்குச் சொல்லுவார் எண்டு வாசலில இருப்பன். நீங்கள் மூட்டையை இறக்கி வைச்சிட்டுப் போயிடுவீங்கள். எங்கம்மா உங்களைக் கும்பிடுவா. அந்தச் சோத்தை எட்டு வருசமாத் திண்டிருக்கிறன்." அவன் இதைக் கத்திச் சொல்லவில்லை. "ஒண்டு தான் எனக்குத் தெரியாது. நீங்கள் ஒழுங்கான ஆள். வரம்பு கட்டினாலும் நூல் பிடிச்சுக் கட்டிற ஆள். ஏன் அண்ணை குழை கட்டேல்லை?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கமே திரும்பவில்லை.

"மழை வந்திட்டுது," என்றார். "மறந்து போனன்."

அவர் மறக்கவில்லை. அன்றைக்கு அவர் துவக்கைக் கட்டி முடித்துவிட்டுக் கத்தியோடு இதே மரத்தடியில் கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தலையில் உரப் பையைப் போட்டுக்கொண்டு தோட்டத்து மூலையில் நின்று கத்தினேன். "இந்த மழையில ஆர் இந்தப் பக்கம் வரப் போகினம்? குழையும் மண்ணும்! பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது, விட்டிட்டு வாங்கோ." அவர் ஒரு தரம் மரத்தைப் பார்த்தார், ஒரு தரம் என்னைப் பார்த்தார். கொப்பை விட்டுவிட்டு வந்தார்.

தேத்தண்ணிப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் இவரைத்தான் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை.

தயாபரன் விதுசனிடம் கையை நீட்டினான். கமராவிலிருந்து படம் பதிவாகிற மெமரி காட்டைக் கழற்றி வாங்கிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டான். "நான் யோசிக்க வேணும்" என்றான். பிறகு பாதையால் நடந்தான். தொங்கிய குழையைக் கையால் விலக்கி, நல்ல காலை முதலில் தூக்கி வைத்து, மற்றதைக் கையால் பிடித்து எடுத்து, நூலைத் தாண்டிப் போனான். அதைப் படம் எடுக்கக் கமராவில் காட் இருக்கவில்லை.

இப்போது இரண்டு மாதமாகிறது. படம் அப்படியே நின்றுபோனது. போட்டி முடிந்துவிட்டது. ஊருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நாலு பிள்ளைகளின் வாய்க்கு யார் பூட்டுப் போட்டது? கடையில் நான் போனால் கதை நிற்கிறது. மெமரி காட் இன்னும் தயாபரனிடம்தான். சந்தியால் போகும்போது அவன் கொட்டிலில் இருந்து நிமிர்ந்து பார்ப்பான். கை ஒரு தரம் சேட்டுப் பைக்குப் போகும். அது பழக்கமோ, எனக்குக் காட்டுகிறானோ தெரியாது. படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நின்றால் பொலிஸ் என்று எழுந்துவிடுகிறேன். அறுவடை நெல்லை இவர் கொண்டு போனபோது ராக்காயி அம்மா கதவைத் திறக்கவில்லையாம். மூட்டையைத் திருப்பிக் கொண்டு வந்தார். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இவர் இப்போது நித்திரை கொள்கிறார். எட்டு வருஷத்துக்குப் பிறகு குறட்டை விடுகிறார். "பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனால் போறன்" என்கிறார்.

யது தகப்பனோடு கதைப்பதில்லை. அவர் ஊற்றிக் கொடுத்தால் தேத்தண்ணி குடிப்பதில்லை. அவர் உள்ளே வந்தால் இவள் வெளியே போகிறாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் என் பின்னாலேயே திரிகிறாள். அவரோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்லாமல் வயலுக்குப் போய் வருகிறார். நான் இரண்டு தரம் கேட்டேன், சொல்லிவிடட்டுமா என்று. "வேண்டாம். அவளுக்கு ஒராளாவது இருக்கட்டும்" என்றார்.

நேற்றுப் பின்னேரம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"அம்மா, குழை முறிச்சுக் கட்ட எவ்வளவு நேரம் செல்லும்?"

"அரை நிமிசம்."

"அரை நிமிசம் நனைஞ்சா கரைஞ்சோ போயிடுவார்? அண்டைக்குக் காய்ச்சலோட கிடந்த நானே நனைஞ்சிருப்பன். ஏனம்மா கட்டேல்லை அவர்?"

சீப்பில் சிக்கிய மயிரை எடுத்துச் சுருட்டினேன்.

"மழை பிள்ளை," என்றேன்.

அவள் திரும்பி என் மடியில் முகத்தை வைத்தாள். "நீங்கள் இல்லாட்டி நான் இந்த வீட்டில ஒரு நாளும் இருக்கமாட்டன் அம்மா" என்றாள். நான் அவளைத் திருப்பி இருத்தி, தலைமயிரை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினேன்.